ஆவியின் வாக்கு சாட்சியமாகாது: அமானுஷ்ய கோஸி நாவல்கள் ஏன் ஈர்க்கின்றன?

ஆவியும் மந்திரக்காரியும் சுவருக்குள் புகுந்து வெளியேறும் பூனையும் வரும் மென்மையான துப்பறியும் நாவல்களை, அதாவது அமானுஷ்ய கோஸி மிஸ்டரி எனப்படுபவற்றை, ஆங்கில வாசகர்கள் ஏன் இவ்வளவு ஆர்வத்தோடு படிக்கிறார்கள் என்பது கேள்வி. கூடவே ஒரு நியாயமான ஐயமும் எழுப்பப்பட்டிருக்கிறது: செத்தவரே ஆவியாக வந்து பேசிவிட்டால் கொன்றவர் யாரென்று அவரே சொல்லிவிட மாட்டாரா, அதற்குப் பிறகு துப்பறிய என்ன இருக்கிறது? இந்த ஐயத்தைத் தீர்த்துவிட்டால் முதல் கேள்விக்கும் பெரும்பகுதி பதில் கிடைத்துவிடும். இந்த வகையில் நன்றாக எழுதப்பட்ட நாவல்கள் எல்லாவற்றிலும் ஆவிக்கும் மந்திரத்துக்கும் கறாரான வரம்பு உண்டு. ஆவி சந்தேகத்தைக் கிளப்பலாம், திசை காட்டலாம். ஆனால் அதன் வாக்கு எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. செல்லுபடியாகும் சான்றைத் தேடிப் பிடிக்க வேண்டியவர் உயிரோடிருக்கும் ஒரு சாதாரணப் பெண். தெரிந்துகொண்டதற்கும் நிரூபிப்பதற்கும் நடுவில் உள்ள அந்தத் தூரத்தில்தான் கதை நடக்கிறது.

முதலில் கோஸி என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நாவல்களில் கொலை பெரும்பாலும் வாசகர் கண்ணில் படாமல் நடந்து முடிந்திருக்கும். ரத்தமும் சித்திரவதையும் விவரிக்கப்படுவதில்லை. களம் ஒரு சிற்றூர், அல்லது பெருநகரத்தில் ஒருவரையொருவர் அறிந்த ஒரு தெரு. துப்பறிபவர் காவல்துறையைச் சேராதவர், பெரும்பாலும் பெண். நூலகம், புத்தகக்கடை, பேக்கரி என்று நாலு பேர் வந்துபோகும் இடத்தில் வேலை பார்ப்பவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் நடமாடும் முதல் நாவல் 1930இல் வெளிவந்தது. அவர் வசிக்கும் செயின்ட் மேரி மீட் கிராமம்தான் இவற்றுக்கெல்லாம் முன்மாதிரி. 1984 முதல் 1996 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'மர்டர், ஷீ ரோட்' தொடரின் கேபட் கோவ் என்ற கற்பனை ஊர் அதே மரபை மெய்ன் மாநிலக் கடலோரத்துக்குக் கொண்டுசென்றது. கொலையால் ஊர் நிலைகுலையும், உண்மை வெளிவந்ததும் ஊர் மீண்டும் தன் நிலைக்கு வரும். இந்த உறுதியை நம்பித்தான் வாசகர் புத்தகத்தைத் திறக்கிறார்.

இந்த மரபுக்குள் ஒரு காலத்தில் ஆவிக்கு இடமே கிடையாது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகள் எவையும் நுழையக்கூடாது என்பதை இரண்டாவதாக வைத்தார். 1930இல் லண்டனில் துப்பறியும் கதாசிரியர்கள் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பின் உறுப்பினர்கள், தங்கள் துப்பறிவாளர்கள் தெய்வ வெளிப்பாட்டையோ பெண்களின் உள்ளுணர்வையோ மாயமந்திரத்தையோ தற்செயலையோ நம்பிக் குற்றத்தைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். பெண்களின் உள்ளுணர்வும் மாயமந்திரமும் அந்த உறுதிமொழியில் ஒரே மூச்சில் விலக்கப்பட்டன என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் இன்றைய அமானுஷ்ய கோஸி அவ்விரண்டையும் சேர்த்தே திரும்ப அழைத்து வந்திருக்கிறது.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் உலகப் போரில் பிள்ளைகளையும் கணவர்களையும் பறிகொடுத்த குடும்பங்கள், இறந்தோரோடு பேசுவதாகச் சொன்ன மீடியம்களைத் தேடிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அந்த நம்பிக்கையின் முன்னணிப் பிரசாரகராக ஊர் ஊராகப் பேசிவந்தார். ஆனால் அவரே 1924இல் வெளியிட்ட சசெக்ஸ் வாம்பயர் கதையில், எங்கள் தொழில் தரையில் கால் ஊன்றி நிற்பது, பேய்களுக்கு இங்கே வேலையில்லை என்ற பொருள்பட ஹோம்ஸைப் பேசவைத்தார். வாழ்க்கையில் இறந்தோரின் குரலை முழுமனதாக நம்பியவர் தம் துப்பறிவாளரின் வீட்டு வாசலில் அதைத் தடுத்து நிறுத்தியது, அந்த வடிவத்தின் மீது அவர் வைத்திருந்த மரியாதையைக் காட்டுகிறது. புதிர் நியாயமாக இருக்க வேண்டுமானால் துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயங்கள் வாசகருக்கும் கிடைக்க வேண்டும். ஆவி உள்ளே வந்துவிட்டால், ஆசிரியர் தமக்கு வசதியான எதையும் அதன் வாயால் சொல்லவைத்துவிடலாம். இந்த அச்சம் இன்றும் பொருந்தக்கூடியதே.

அப்படியிருந்தும் அமானுஷ்யம் திரும்பி வந்தது. முதலில் அது ஒரு பூனையின் உருவில், சத்தமில்லாமல் வந்தது. லிலியன் ஜாக்சன் பிரான் 1966இல் தொடங்கிய தொடரில், ஜிம் குவில்லரன் என்ற பத்திரிகையாளருடன் கோகோ என்ற சயாமியப் பூனை வசிக்கிறது. அது அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும், அல்லது பொருத்தமில்லாத நேரத்தில் கத்தும். அதற்கு ஏதோ அர்த்தம் இருப்பதாகக் குவில்லரனின் மீசை குறுகுறுக்கும். பூனைக்கு உண்மையிலேயே ஆறாவது அறிவு இருக்கிறதா, தற்செயலாக நடந்ததா என்பதை ஆசிரியர் அடித்துச் சொல்வதில்லை. மூன்று நாவல்களோடு 1968இல் நின்றுபோன அந்தத் தொடர் 1986இல் மீண்டும் தொடங்கிப் பெரும் வெற்றி பெற்றது. பூனை பொய் சொல்லாது, அதே சமயம் எதையும் முழுதாகவும் சொல்லாது. பின்னால் வந்த அமானுஷ்ய கோஸிகள் பலவும் இந்த விதியையே பின்பற்றுகின்றன.

2000க்குப் பிறகு வாசல் முழுவதாகத் திறந்துகொண்டது. சார்லெய்ன் ஹாரிஸ் 2001இல் எழுதிய 'டெட் அன்டில் டார்க்' நாவலில், லூயிசியானாச் சிற்றூர் ஒன்றில் மதுக்கடைப் பணிப்பெண்ணாக இருக்கும் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் பிறர் மனத்தில் ஓடுவதைக் கேட்கக்கூடியவர். ரத்தமும் காமமும் மிகுதி என்பதால் அதைக் கோஸி என்று சொல்ல நான் தயங்குவேன். ஆனால் சிற்றூர்ப் பெண்ணையும் கொலைப் புதிரையும் ரத்தக்காட்டேரியையும் ஒரே நூலில் வைக்கலாம் என்று அது பதிப்பகங்களுக்கு உணர்த்தியது. அதற்குப் பின் வந்த தொடர்களில் என்னை அதிகம் கவர்ந்தது, ஆலிஸ் கிம்பர்லி என்ற பெயரில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதத் தொடங்கிய புத்தகக்கடைத் தொடர். அதன் முதல் நூல் 'தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மெக்ளூர்' 2004இல் வந்தது.

அந்த நூலைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த வகை எப்படி இயங்குகிறது என்பது விளங்கும். கணவனை இழந்த பென் மெக்ளூர் சிறு மகனோடு நியூயார்க்கை விட்டு ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள குவிண்டிகாட் என்ற கற்பனை ஊருக்கு வந்து, தம் அத்தையின் புத்தகக்கடையைத் தூக்கி நிறுத்தப் பாடுபடுகிறார். அந்தக் கட்டடத்தில் 1949இல் கொல்லப்பட்ட ஜாக் ஷெப்பர்ட் என்ற தனியார் துப்பறிவாளரின் ஆவி இருக்கிறது. அந்த ஆவியின் குரல் பென்னுக்கு மட்டுமே கேட்கும். ஜாக்கின் உலக அனுபவம் 1949ஓடு நின்றுவிட்டது. தொடக்கத்தில் அவரால் கடையை விட்டு நகரவே முடியாது. பின்னர் அவருடைய பழைய நாணயம் ஒன்றைப் பென் தம் பையில் வைத்துக்கொண்டால் மட்டும் வெளியே உடன்வர முடிகிறது. அவருக்குச் சாட்சிகளை மடக்கிக் கேள்வி கேட்கத் தெரியும், பொய்யை மோப்பம் பிடிக்கத் தெரியும். ஆனால் கேள்வி கேட்க வாயும் தடயத்தை எடுக்கக் கையும் பென்னுடையவை. எல்லாவற்றுக்கும் மேலாக, தொழில்முறைத் துப்பறிவாளரான அவர் தம்மைக் கொன்றவர் யார் என்பதைத் தெளிவாக அறியாமலே தவிக்கிறார். ஆவியானால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம் எதிர்பார்ப்பை ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே அடைத்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து தாக்கப்பட்டவருக்குத் தாக்கியவரின் முகம் எப்படித் தெரியும்? நஞ்சு கலந்த தேநீரைக் குடித்தவருக்கு அதைக் கலந்த கை எப்படித் தெரியும்? செத்தபின் அறிவு கூடுவதில்லை என்ற இந்த எளிய விதியால்தான் பெரும்பாலான ஆவிக் கோஸிகளில் புதிர் புதிராகவே நீடிக்கிறது.

ஆவியின் வாக்கைச் சாட்சியமாக ஏற்பதில்லை என்ற விதிக்குப் பின்னால் அமெரிக்காவின் கசப்பான வரலாறு ஒன்றும் இருக்கிறது. மாசசூசெட்ஸில் சேலம் நகரை ஒட்டி 1692இல் நடந்த மந்திரக்காரி வழக்குகளில், குற்றம்சாட்டப்பட்டவரின் உருவம் அருவமாக வந்து தங்களைத் துன்புறுத்தியதாகச் சிறுமிகள் சொன்னதை நீதிமன்றம் சான்றாக ஏற்றுக்கொண்டது. ஜார்ஜ் பரோஸ் என்ற மதபோதகர் மீதான வழக்கில் ஆன் புட்னம் என்ற சிறுமி, பரோஸின் இறந்துபோன முதல் இரு மனைவியரும் சவத்துணி சுற்றியபடி தன் முன் தோன்றி, தங்களை அவர்தான் கொன்றார் என்று சொன்னதாகச் சாட்சியம் அளித்தார். ஆகஸ்ட் 19 அன்று பரோஸ் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டில் அங்கே பத்தொன்பது பேர் தூக்கில் உயிரிழந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று நீதிமன்றத்தில் சொல்ல மறுத்த ஒரு முதியவர் பாறைகளை ஏற்றி நசுக்கப்பட்டு இறந்தார். அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அருவச் சாட்சியத்தைப் பொருட்படுத்தாமல் 1693 ஜனவரியில் விசாரணைகள் மீண்டும் தொடங்கியபோது பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் மாவட்டத்தில் 1897இல் நடந்தது. ஜோனா ஷூ என்ற இளம்பெண் ஜனவரியில் வீட்டில் இறந்து கிடந்தார். மருத்துவர் வருவதற்குள் கணவரே உடலைக் கழுவி, உயர்ந்த கழுத்துப்பட்டை கொண்ட ஆடையை அணிவித்துவிட்டு, தலையை அணைத்தபடி அழுதுகொண்டிருந்தார்; மருத்துவரால் கழுத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, இயற்கை மரணம் என்று முடிந்தது. சில வாரங்களில் ஜோனாவின் தாய் மேரி ஜேன் ஹீஸ்டர், தம் மகள் தொடர்ந்து சில இரவுகள் வந்து, கணவன் தன் கழுத்தை முறித்த கதையைச் சொன்னதாக அரசு வழக்கறிஞரிடம் முறையிட்டார். வழக்கறிஞர் ஆவியின் வாக்கின்மேல் யாரையும் கைது செய்துவிடவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்து, சந்தேகத்துக்கு வேறு காரணங்களும் இருப்பதைக் கண்ட பிறகு, பிப்ரவரியில் உடலைத் தோண்டியெடுத்துச் சோதிக்கச் செய்தார். கழுத்து முறிந்திருந்தது, மூச்சுக்குழல் நசுங்கியிருந்தது. வழக்கு விசாரணையின்போது அரசுத் தரப்பு ஆவியைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாயை நம்பத்தகாதவராகக் காட்ட நினைத்த எதிர்த்தரப்புதான் அதைக் கிளறியது, அவரும் சற்றும் பிசகாமல் பதில் சொன்னார். கணவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சேலத்திலும் கிரீன்பிரையரிலும் இறந்த மனைவி திரும்பி வந்து கணவனைக் குற்றம்சாட்டியதாகத்தான் சொல்லப்பட்டது. ஓரிடத்தில் அந்தச் சொல்லே ஒருவரைத் தூக்குமரத்துக்கு அனுப்பியது, இன்னோரிடத்தில் அந்தச் சொல் ஒரு சவக்குழியைத் தோண்டவைத்தது, தீர்ப்பைச் சடலம் தந்தது. நல்ல அமானுஷ்ய கோஸி ஒவ்வொன்றும் கிரீன்பிரையரின் வழியில் நடக்கிறது என்று துணிந்து சொல்வேன். கனவில் கண்டதையோ ஆவியிடம் கேட்டதையோ கதாநாயகி வெளியே சொல்ல முடியாது. ஒரு ரசீது, ஒரு கடிதம், ஒருவர் தவறிச் சொன்ன நேரம் என்று எல்லாரும் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றாக அதை மாற்றியாக வேண்டும். நாக்ஸின் கட்டளை எழுத்தளவில் மீறப்பட்டாலும் அவர் காக்க நினைத்த நியாயம் காக்கப்பட்டுவிடுகிறது.

ஈர்ப்புக்கு இன்னொரு காரணம் இறந்தவரைப் பற்றியது. எனக்கு இதுவே மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. பழைய பாணிப் புதிர்க் கதையில் கொலையுண்டவர் முதல் அத்தியாயத்தில் தரையில் கிடப்பார். அதன்பின் அவர் நேரத்தையும் காயத்தையும் குறிக்கும் ஒரு தகவலாகச் சுருங்கிவிடுவார். பலமுறை அவர் எல்லாரும் வெறுத்த கொடியவராகவே படைக்கப்பட்டிருப்பார், யாருக்கும் துக்கம் வந்துவிடக்கூடாது என்பதற்காக. ஆவி வந்ததும் இது மாறிவிடுகிறது. செத்தவர் முற்றுப்பெறாத உறவுகளும் சொல்லாமல் விட்ட மன்னிப்பும் விட்டுச்சென்ற பிள்ளையைப் பற்றிய கவலையும் உடைய மனிதராகவே கதை முழுவதும் உடனிருக்கிறார். கொலையாளி பிடிபட்டதும் கதை அவரிடமிருந்து விடைபெற வேண்டியிருக்கிறது. போரில் இழந்தவர்களின் குரலுக்காக ஏங்கியவர்களிடம் மீடியம்கள் ஏமாற்றிக் காசு பறித்தார்கள். இந்த நாவல்கள் தங்களைக் கற்பனை என்று அறிவித்துக்கொண்டே அதே ஏக்கத்துக்கு நாணயமான ஆறுதலைத் தருகின்றன. இழப்புக்குப் பிறகு இவற்றைப் படிக்கத் தொடங்கியதாகச் சொல்லும் வாசகர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் பேயை நம்புகிறவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

மூன்றாவது, நம்பப்படாத பெண்ணின் நிலை. ஜூலியட் பிளாக்வெல் 2009இல் 'செகண்ட்ஹேண்ட் ஸ்பிரிட்ஸ்' நாவலோடு தொடங்கிய தொடரின் லிலி ஐவரி, சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரி பகுதியில் பழைய ஆடைகள் விற்கும் கடை நடத்துகிறார். துணியைத் தொட்டால் அதை உடுத்தியவரின் உணர்ச்சி அவர் கைக்குள் ஏறும். துயரம் ஊறிய ஆடையை அவர் விற்பனைக்கு வைப்பதில்லை. டெக்சாஸில் பிறந்த ஊர் அவரைக் கண்டு அஞ்சி விரட்டியிருக்கிறது. ஓரிடத்தில் தங்கத் துணியாமல் அலைந்தவருக்கு இந்தக் கடையும் இந்தத் தெருவுமே முதல் புகலிடம். அதனால் அங்கே ஒரு கொலை நடந்து சந்தேகம் கிளம்பும்போது, அது அவருக்கு வெறும் புதிராக இருக்க முடியாது; தெரிந்ததைச் சொன்னால் மறுபடி விரட்டப்படலாம், சொல்லாவிட்டால் குற்றமற்ற ஒருவர் சிக்கலாம். சேலத்தில் தூக்கிலிடப்பட்டவர்களின் இடத்தில் நிற்கக்கூடிய ஒருவரே இப்போது நிரபராதியைக் காப்பாற்றப் புறப்படுகிறார் என்பதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. மந்திரம் என்ற ஆடையை எடுத்துவிட்டுப் பார்த்தால், தான் உணர்ந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று தயங்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்த நிலை பழக்கமானதுதான்.

வேடிக்கையையும் குறைத்துச் சொல்லக்கூடாது. சோஃபி கெல்லி 2011இல் தொடங்கிய தொடரில், பாஸ்டனிலிருந்து மினசோட்டாவின் சிற்றூர் ஒன்றுக்கு வரும் நூலகர் கேத்லீன் பால்சனிடம் இரண்டு பூனைகள் இருக்கின்றன. ஓவன் நினைத்தபோது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும், ஹெர்க்குலிஸ் மூடிய கதவின் ஊடாகவே நடந்துபோகும். இவ்வளவு சக்தி இருந்தும் இரண்டும் முழுக்க முழுக்கப் பூனைகளாகவே நடந்துகொள்கின்றன; தின்பண்டம் கிடைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன, எங்கிருந்தோ ஒரு காகிதத் துண்டைக் கவ்விவந்து போடுகின்றன. அந்தக் காகிதம் எப்படிக் கையில் வந்தது என்று துப்பறியும் அதிகாரி கேட்டால் கேத்லீனால் என்ன சொல்ல முடியும்? அதிகாரி மீது அவருக்கு மெல்ல வளரும் அன்பும் இருப்பதால், ஒவ்வொரு தடயமும் ஒரு பொய்யைக் கேட்கிறது, அந்தப் பொய் உறவை உறுத்துகிறது. சின்ன மந்திரம்தான், ஆனால் அதிலிருந்து நகைச்சுவையும் சங்கடமும் ஒருசேரக் கிடைக்கின்றன.

நம் ஊர் அமானுஷ்யத் தொடர்களில் பழகியவர்களுக்கு ஒன்று மட்டும் வியப்பாக இருக்கும்: இங்கே பயமே கிடையாது. நம் கதைகளில் அமானுஷ்யம் அச்சத்தோடும் பக்தியோடும் சேர்ந்தே வரும், நள்ளிரவில் வரும். கோஸியில் ஆவி பட்டப்பகலில் கடைக் கணக்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும். அஞ்ச வேண்டியது பக்கத்து வீட்டில் வாழும் மனிதரின் பேராசையையும் பொறாமையையும்தான் என்பதே இவற்றின் நிலைப்பாடு.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது முறையல்ல. இறுதி அத்தியாயத்தில் கொலையாளி துப்பாக்கியை நீட்டியதும் அதுவரை சொல்லப்படாத ஒரு மந்திரம் கதாநாயகியின் கையிலிருந்து பாய்ந்தால், அந்த நூல் வாசகரை ஏமாற்றிவிட்டது என்றே கொள்வேன். சில தொடர்கள் ஐந்தாறு நூல்களுக்குப் பிறகு மந்திரக் குடும்ப வரலாறு, காதல் முக்கோணம் என்று பெருத்துக் கொலையையே மறந்துவிடுகின்றன. மின்னூல் படிக்கும் கிண்டில் கருவி 2007இல் வந்தபின் தாமாகவே பதிப்பிப்பது எளிதாகிவிட்டதால், ஒரே அச்சில் வார்த்த நூல்கள் ஏராளமாக வருகின்றன. அட்டையில் கறுப்புப் பூனையும் கூர்நுனித் தொப்பியும் இருப்பதைக் கண்டு மட்டும் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தொடங்க விரும்புகிறவர்கள் புத்தகக்கடைத் தொடரை முதல் நூலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. ஜாக்குக்கும் பென்னுக்கும் உள்ள உறவு நூலுக்கு நூல் வளர்கிறது, நடுவில் நுழைந்தால் அது பிடிபடாது. ஆவியே வேண்டாம், ஐயத்தின் எல்லையில் நிற்கும் அமானுஷ்யம் போதும் என்றால் பிரானின் பூனைத் தொடரில் 1966இல் வந்த முதல் நாவலைப் பார்க்கலாம். புதிரின் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும், அதே சமயம் ஆவியின் நிழலும் விழ வேண்டும் என்பவர்களுக்கு அகதா கிறிஸ்டி 1931இல் எழுதிய 'தி சிட்டாஃபர்ட் மிஸ்டரி' ஏற்றது: டார்ட்மூர் குன்றுப் பகுதியில் பனி மூடிய ஒரு வீட்டில் விளையாட்டாக ஆவியை அழைக்கிறார்கள், மேசை அசைந்து ஒருவர் கொலையுண்டதாகச் செய்தி தருகிறது, போய்ப் பார்த்தால் அவர் இறந்து கிடக்கிறார். அந்தச் செய்தி எப்படி வந்தது என்பதை நாக்ஸும் ஏற்கும்படி கிறிஸ்டி விளக்கியிருக்கிறார்.